மணி கட்டிய வண்டி

கோயிலில் மணி அடிக்கும்போது எல்லோரும் கண்ணை மூடுவார்கள். நான் மூடுவதில்லை. அதுமட்டுமில்லை, மணிச் சத்தம் கேட்ட உடனே நின்ற இடத்தை விட்டு விலகி, சுவரோரமாக ஒதுங்கி, வாசலுக்கு வெளியே தெரியும் பாதையைப் பார்க்கத் தொடங்கிவிடுவேன். தீபாராதனைத் தட்டோடு வரும் பூசாரி என்னைத் தேட வேண்டியிருக்கும். என் மருமகள் இதை முதலில் கவனித்தபோது, மாமாவுக்குச் சாமி நம்பிக்கை இல்லை என்று முடிவுகட்டினாள். பிறகு காது மந்தமோ என்று சந்தேகப்பட்டாள். இந்த வருடத் திருவிழாவுக்கு எங்கள் பழைய தேயிலைத் தோட்டத்துக்குப் போயிருந்தபோது பேரப்பிள்ளைகள் முன்னாலேயே கேட்டும் விட்டாள். "ஏன் மாமா, மணி அடிச்சா இப்புடித் திடுக்கிட்டு ஒதுங்குறீங்க? லொறியா வருது?" பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. லொறி இல்லையம்மா, ஆனால் ஒரு வண்டிதான் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் சர்க்கரைப் பொங்கல் வந்துவிட்டது.

அந்தத் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் அதே பழைய வெண்கல மணிதான் இன்னும் தொங்குகிறது. விளிம்பில் ஒரு துண்டு பெயர்ந்திருக்கிறது. கட்டை விரலை வைத்தால் அந்தப் பள்ளத்தில் சரியாக உட்காரும். அதனால் அதன் சத்தம் கொஞ்சம் கரகரப்பு. கொழும்பில் கடை வைத்திருக்கும் எவரோ புது மணி வாங்கிக் கொடுத்தும், பழையது ராசியான மணி என்று சொல்லிக் கழற்ற மறுத்துவிட்டார்களாம். ராசி என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குச் சுருக்கென்றது. அதன் விளிம்பு எங்கே, எதன்மேல் மோதி உடைந்தது என்று தெரிந்தவர்களில் இன்று தோட்டத்தில் மிச்சம் யாரும் இல்லை. எனக்குத் தெரியும், மோதியபோது அந்த வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தது என் அக்கா.

அறுபதுகளின் தொடக்கம் அது. றொசல்ல ஸ்டேஷனில் சாமான் ரயிலிலிருந்து ஒரு பெரிய மரப்பெட்டி இறங்கியது. அதைத் தோட்டத்துக்குக் கொண்டுவந்து உடைத்தபோது உள்ளே இருந்தது ஒரு வண்டி என்று சொன்னார்கள். எங்களால் நம்ப முடியவில்லை. நான்கு சின்னச் சக்கரங்கள், அவற்றின்மேல் ஒரு தட்டையான தளம், முன்னால் ஓட்டுகிறவர் நிற்பதற்கு ஒரு பலகை, திருப்புவதற்கு ஒரு கைப்பிடி, மிதிப்பதற்கு ஒரு கட்டை. அவ்வளவுதான். எஞ்சினைக் காணோம். தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்போம். நான் அங்கே தராசில் வேலை பார்த்தேன். ஸ்டோர் ஆட்கள் எல்லோரும் குனிந்து குனிந்து எஞ்சினைத் தேடினோம். தளத்துக்குக் கீழே வரிசையாகக் கனத்த பேட்டரிகள் இருந்தன. ஸ்டோரில் ஓடும் கரண்டை அவற்றுக்குள் ஏற்றிவிட்டால் வண்டி ஓடும் என்று, அதைச் சோதிக்கக் கொழும்பிலிருந்து வந்திருந்த இளம் வெள்ளைக்காரர் சொன்னார். அவரை ஆட்கள் மெஷின் தொரை என்று கூப்பிட்டார்கள். மலையில் பறிக்கும் கொழுந்தை நிறுக்கிற மடுவத்திலிருந்து ஸ்டோருக்கும், ஸ்டோரிலிருந்து தூள்பெட்டிகளை ஸ்டேஷனுக்கும் கொண்டுபோக இது உதவுமா என்று பார்ப்பது அவர் வேலை. உதவினால் தோட்டத்தை நடத்தும் எங்கள் பெரிய துரை இதை வாங்குவார்.

சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, தேங்காய் உடைத்து, மெஷின் துரை கட்டையை மிதித்தார். எலுமிச்சம்பழம் நசுங்கிய சத்தம்தான் கேட்டது. வண்டிச் சத்தம் கேட்கவே இல்லை. அது பாட்டுக்கு நகர்ந்து முற்றத்தைச் சுற்றி வந்து எங்கள் முன்னால் நின்றது. லொறி என்றால் வளைவுக்கு அப்பால் வரும்போதே மலை முழுக்கக் கத்துகிற காலம். சத்தமே போடாமல் இரும்பு நகர்வதைப் பார்த்தபோது எனக்கு உடம்பு சில்லிட்டது. எங்கள் லொறி டிரைவர் தோளில் துண்டை உதறிப் போட்டுக்கொண்டார். "இத ஓட்டுனா என்னய எவன் டைவருன்னு மதிப்பான்? பொணம் போற மாதிரில்ல போவுது" என்று சொல்லிவிட்டு லொறிப் பக்கம் போய்விட்டார். மெஷின் துரைக்கு அது விளங்கியதோ என்னவோ, சிரித்துக்கொண்டே, இதை ஓட்டப் பெரிய வித்தை ஒன்றும் வேண்டாம், ஒரு பெண்பிள்ளைகூட ஓட்டலாம் என்று ஆங்கிலத்தில் சொன்னார். தேயிலை தயாரிப்பைப் பார்க்கும் டீமேக்கர் அதைத் தமிழில் எடுத்துச் சொன்னதும் எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள்.

சிரிப்பு அடங்குவதற்குள், "அப்ப நா ஓட்டுறேங்க" என்று ஒரு குரல் கேட்டது. திரும்பிப் பார்த்தால் என் அக்கா. கூடையை முதுகிலிருந்து இறக்கக்கூட இல்லை. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சைக்கிள் ஓட்டும் பெண்ணைக்கூட அதுவரை தோட்டத்தில் யாரும் கண்டதில்லை. நான் பல்லைக் கடித்துக்கொண்டு "சும்மா இரு அக்கா" என்றேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். போன மழையில் செங்குத்தான ஒரு மலையில் வழுக்கி விழுந்ததிலிருந்து அவளுடைய இடது முழங்கால் வீங்கியே கிடந்தது. சரிவில் ஏற முடியாமல் பின்தங்குவாள். மலை வேலையைப் பார்க்கும் கண்டாக்கு இரண்டு தடவை அவளுக்கு அரைப்பேர் போட்டு, அதாவது பாதி நாள் என்று கணக்கு வைத்து, திருப்பி அனுப்பியிருந்தார். இன்னொரு தடவை ஏறாவிட்டால் பேரையே வெட்டிவிடுவேன் என்றும் சொல்லியிருந்தார். பேர் போனால், தோட்டம் குடியிருக்கக் கொடுத்த லயத்துக் காம்பராவும், அந்த ஒற்றை அறையும், போகும். மச்சான் காய்ச்சலில் செத்துப்போய் அப்போது கொஞ்ச காலந்தான் ஆகியிருந்தது. இரண்டு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அவள் எங்கே போவாள்? ஸ்டோர் ஆட்கள் தங்கும் ஒற்றை அறையில் நான்கு பேரோடு படுத்துக் கிடந்தவன் நான். இந்த வண்டியில் மிதிப்பது வலது காலால் மட்டும். வலிக்கிற காலுக்கு வேலையே இல்லை. அதை அவள் ஒரே பார்வையில் கண்டுகொண்டிருக்கிறாள்.

மெஷின் துரைக்கு உற்சாகம் தாங்கவில்லை. கொழும்புக்குப் போய்ச் சொல்ல நல்ல கதை கிடைத்தது என்று நினைத்திருப்பார். அவர் கேட்டதும் பெரிய துரை வாயிலிருந்து பைப்பை எடுத்து, வண்டி தேறினால் இந்தப் பொம்பளையே ஓட்டட்டும் என்று தலையாட்டினார். கண்டாக்கின் முகம் சுண்டிப்போனது. அக்கா கூடையை இறக்கி என்னிடம் கொடுத்துவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பலகையில் ஏறினாள். முதல் தடவை வண்டி பாய்ந்து போய் விறகுக் குவியலில் முட்டியது. இரண்டாம் தடவை முற்றத்தைச் சுற்றி வந்தது. அன்று சாயங்காலமே அவள் அதைத் தொட்டிலை ஆட்டுவதுபோல் மெதுவாக நகர்த்தி நகர்த்தி ஓட்டினாள்.

பிறகு சோதனைகள் தொடங்கின. முதலாவது பாரச் சோதனை. தூள்பெட்டிகள் முதல் நாள்தான் ரயிலேறியிருந்தன. உர மூட்டைகளை ஏற்றலாமே என்றார் டீமேக்கர். மழை தூறிக்கொண்டிருந்தது. "உரம் நனைஞ்சா வீணாப் போயிரும். பொம்பளைங்க நனைஞ்சா என்னா? அவுங்கள ஏத்துங்க" என்றார் கண்டாக்கு. அவர் வேடிக்கை பண்ணுகிறார் என்றுதான் நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் பக்கத்து மலையிலிருந்து பெண்களைக் கூட்டி வந்து தூள்பெட்டி நிறுக்கும் தராசின்மேல் ஒவ்வொருவராக ஏறச் சொன்னார்கள். நிறுத்தவன் நான். முதலில் அவர்களும் சிரித்தார்கள். "ஏ புள்ள, ஒன்னயப் பெட்டில அடைச்சு சீமைக்கு அனுப்பப் போறாக" என்று ஒருத்தியை ஒருத்தி கேலி செய்தார்கள். வண்டியில் நெருக்கியடித்து ஏற்றி, இன்னும் இத்தனை இறாத்தல் வேண்டும் என்று மெஷின் துரை சொல்ல, மேலும் இரண்டு பேரை மடியில் உட்கார வைத்தபோது சிரிப்பு நின்றுபோனது. ஒரு கிழவி கம்பளியைத் தலைக்கு மேல் இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். கூடையிலே கொழுந்தை நிறுத்த கையால் கூடப் பிறந்தவர்களைப் போன்றவர்களை நிறுத்துவிட்டு, எனக்கு அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை. வண்டி மட்டும் அத்தனை பேரையும் சுமந்துகொண்டு கோயில் வளைவு வரை முனகாமல் ஏறிவிட்டது. பாரச் சோதனையில் தேறிவிட்டது.

அடுத்தது, கரண்டு எவ்வளவு நேரம் தாங்கும் என்று பார்ப்பது. அக்கா காலையிலிருந்து ஓட்டிக்கொண்டே இருந்தாள். பிள்ளைகள் பின்னாலேயே ஓடின. மத்தியானத்துக்கு மேல் தோட்டத்து ஆஸ்பத்திரி வாசலில் போய் வண்டி நின்றுவிட்டது. "நல்ல எடமாப் பாத்துதான் படுத்திருக்கு" என்று சொல்லிப் பெண்களே தள்ளிக்கொண்டு வந்தார்கள். மெஷின் துரை எதிர்பார்த்ததைவிட அதிக நேரம் ஓடியிருந்ததாம். அக்காவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். துரை கை கொடுத்ததைப் பார்த்துச் சுற்றி நின்றவர்கள் விக்கித்துப் போனார்கள். அக்கா அந்தக் கையைச் சேலையில் துடைப்பதா வேண்டாமா என்று தெரியாமல் அப்படியே நீட்டிக்கொண்டு நின்றது இன்றும் என் கண்ணில் நிற்கிறது. அன்று லயத்துக்குப் போகும் வழியில், "தம்பி, காம்பராவுக்கு இந்தத் தீவாளிக்கு வெள்ள அடிச்சிருவோமாடா" என்று கேட்டாள். வண்டி தேறிவிட்டது போலவே அவள் பேசினாள். நானும் அப்படியே நம்பினேன்.

ஒரே ஒரு குறை இருந்தது. வண்டிக்குச் சத்தம் இல்லை. அதோடு வந்த ஹோர்ன் கப்பலில் உப்புக் காற்றுப் பட்டு ஊமையாகிவிட்டது. எங்கள் பெண்கள் மழைக்குக் கம்பளியைத் தலையில் போட்டு, கூடைக் கயிற்றை நெற்றியில் மாட்டி, குனிந்துதான் நடப்பார்கள். பின்னால் வருவதைக் காதால்தான் பார்ப்பார்கள். லொறி இரைச்சல் கேட்டால் பேச்சை நிறுத்தாமலே பாதையோரத்துக்கு விலகிவிடுவார்கள். ஒரு நாள் விறகுக் கட்டோடு போன ஒரு பெண்ணை வண்டி பின்னாலிருந்து உரசி, அவள் பாதையோரத் தண்ணீர்க் கானுக்குள் விழுந்தாள். அடி ஒன்றும் பெரிதில்லை. ஆனாலும் அக்கா அரண்டுபோனாள். இதற்கு ஏதாவது ஒரு மணி கட்டுங்கள் என்று மெஷின் துரை சொன்னார். மணிக்கு எங்கே போவது? கோயில் பூசாரிதான் முன்வந்தார். "பூசைக்கு வேணுங்கிற நேரம் கழட்டிக் குடுத்துருங்க. சாமி மணி முன்னால போனா ஒரு கேடும் அண்டாது" என்று, மாரியம்மன் கோயில் மணியைக் கொண்டுவந்து குங்குமம் வைத்துத் தன் கையாலேயே கைப்பிடிக்குப் பக்கத்தில் கட்டினார். எல்லோருக்கும் மனசு நிறைந்துவிட்டது. அக்கா மணியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

ஸ்டோர் முற்றத்தில் அது நன்றாகத்தான் வேலை செய்தது. அங்கே எல்லோர் கண்ணுக்கும் வண்டி தெரியும். லயத்துப் பக்கம் போனபோது ஒரு கிழவர் மணிச் சத்தம் கேட்டு நடுப்பாதையில் நின்று, கண்ணை மூடிக் கும்பிட்டார். அக்கா வண்டியை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். "கரண்டு சாமி ஊர்வலம் வருது, கும்புட்டுக்கங்க தாத்தா" என்று யாரோ கத்தினார்கள். தோட்டமே அந்தக் கதையைச் சொல்லிச் சிரித்தது. எத்தனை பேர் சிரித்தோம்! டீமேக்கர் சிரித்தார், பூசாரி சிரித்தார், நான் சிரித்தேன். பிறந்த நாளிலிருந்து அந்த மணி கேட்டால் நின்ற இடத்தில் நின்று கண்ணை மூடுகிற ஜனங்கள் நாங்கள். விலகிப் போகச் சொல்வதற்கு அந்த மணியையே கட்டியிருக்கிறோம் என்பது ஒருவர் புத்தியிலும் உறைக்கவில்லை.

கடைசிச் சோதனை பிரேக். மேல் மலை மடுவத்திலிருந்து கொழுந்துச் சாக்குகளை நிறைய ஏற்றிக்கொண்டு, இறக்கத்தில் வந்து, ஸ்டோர் வாசலில் கோடு போட்ட இடத்தில் நிறுத்த வேண்டும். அதில் தேறினால் எல்லாம் முடிந்தது. கொழும்புக் கம்பனியின் பெரியவர்கள் சிலர் காரில் வந்திருந்தார்கள். பெரிய துரையும் மெஷின் துரையும் அவர்களோடு ஸ்டோர் வாசலில் காத்திருந்தார்கள். அன்று வெள்ளிக்கிழமை. மாலைப் பூசைக்கு மணி வேண்டும், சுருக்காக வந்து கொடுத்துவிடு என்று பூசாரி சொல்லி அனுப்பியிருந்தார். மழை பெய்து ஓய்ந்து பனி இறங்கத் தொடங்கியிருந்தது. கொழுந்து நிறுத்து முடிந்ததும் பெண்கள் எங்களுக்கு முன்னால் லயத்துக்கு இறங்கிப் போய்விட்டார்கள். நான் சாக்குகளை ஏற்றிக் கட்டி அவற்றின்மேல் உட்கார்ந்துகொண்டேன். அக்கா அம்மனை நினைத்துக்கொண்டு பலகையில் ஏறினாள். சேலை நல்ல சேலை. பெரியவர்கள் பார்ப்பார்கள் என்று போன தீபாவளிக்கு எடுத்ததைக் கட்டியிருந்தாள்.

பாதி வழி வரை ஒரு குறையும் இல்லை. காலைக் கட்டையிலிருந்து எடுத்தால் பிரேக் பிடிக்கும். எடுத்து எடுத்துப் பழகி நிதானமாகத்தான் வந்தாள். பனிக்குள் எதிரே ஒன்றும் தெரியாததால் மணியை விடாமல் ஆட்டிக்கொண்டே வந்தாள். கோயில் வளைவுக்கு மேலே பாதை செங்குத்து. அங்கே ஈரத்தில் வண்டி லேசாக வழுக்கியது. "புடிச்சுக்கடா" என்றாள். வளைவு திரும்பியதும் பனி கொஞ்சம் விலகியது. அப்போதுதான் பார்த்தோம்.

பாதையை அடைத்துக்கொண்டு பெண்கள் நின்றார்கள். கூடைகளைக் காலடியில் இறக்கி வைத்திருந்தார்கள். கம்பளிகளைத் தலையிலிருந்து தள்ளிவிட்டிருந்தார்கள். அத்தனை பேரும் கோயில் பக்கம் திரும்பி, கைகூப்பி, கண்ணை மூடி நின்றார்கள். வெள்ளிக்கிழமை, பூசை நேரம், கோயில் திசையிலிருந்து கோயில் மணி. மணி கோயிலுக்குத் திரும்பி, பூசை தொடங்கிவிட்டது என்று நினைத்திருக்கிறார்கள். அக்கா காலை எடுத்தாள். பிரேக் கிறீச்சிட்டது, வண்டி நிற்கவில்லை. மணியைப் போட்டு உலுக்கு உலுக்கென்று உலுக்கினாள். அவள் உலுக்க உலுக்க அவர்கள் இன்னும் இறுக்கிக் கண்ணை மூடினார்கள். சிலர் கைகளைத் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டார்கள். "ஒதுங்குங்கடி! ஐயோ, ஒதுங்குங்கடி!" என்று அவள் அலறியது மணிச் சத்தத்தில் அமுங்கிப் போயிற்று. ஆயுசில் அதைப்போல் ஒரு காட்சியை நான் பார்த்ததில்லை, இனிப் பார்க்கவும் வேண்டாம்.

"தம்பி, குதிடா!" என்றாள். பின்னால் கையை நீட்டி என்னை ஒரு தள்ளுத் தள்ளினாள். நான் தேயிலைச் செடிகளுக்குள் விழுந்தேன். அவளும் அப்படியே குதித்திருக்கலாம். குதிக்கவில்லை. கைப்பிடியை முழு உடம்பாலும் மேட்டுப் பக்கம் ஒடித்தாள். மழைத்தண்ணீர் பாய்வதற்குப் பாதையோரத்தில் கட்டியிருந்த கல் போக்கில் வண்டி மோதிக் கவிழ்ந்தது. அந்தச் சத்தத்தில்தான் பெண்கள் கண்ணைத் திறந்தார்கள். கும்பிட்ட கை கும்பிட்டபடி, கைக்கெட்டும் தூரத்தில் கவிழ்ந்து கிடந்த வண்டியைப் பார்த்தார்கள். ஒருத்திகூடக் கத்தவில்லை. என்ன நடந்தது என்றே யாருக்கும் விளங்கவில்லை. மணி மட்டும் கல்லில் உருண்டு ஒரு தடவை ஒலித்தது.

அக்காவின் கால்கள் பேட்டரிப் பெட்டிக்கு அடியில் இருந்தன. பெட்டி உடைந்து தண்ணீர் மாதிரி எதுவோ அவள்மேல் ஊற்றிக்கொண்டிருந்தது. தண்ணீர்தான் என்று நினைத்தோம். ஒருத்தி ஓடிப்போய்த் தன் முந்தானையால் அதைத் துடைத்தாள். துடைத்தவள் கையை உதறிக்கொண்டு வீரிட்டாள். எங்கள் கண் முன்னாலேயே அக்காவின் தீபாவளிச் சேலை புகைந்து, ஓட்டை ஓட்டையாகக் கரைந்து, காணாமல் போனது. நெருப்பு இல்லாமல் துணி எரிவதை அதுவரை நாங்கள் கண்டதில்லை. கீழிருந்து மெஷின் துரை விழுந்தடித்து ஓடிவந்தார். "தண்ணி! தண்ணி! தண்ணி!" அவருக்குத் தெரிந்த தமிழ் அது ஒன்றுதான் போலக் கத்திக்கொண்டே வந்தார். பெட்டியை வெறுங்கையால் தூக்கினார். லயத்துக்குத் தண்ணீர் பிடிக்கும் பீலி பக்கத்தில்தான் இருந்தது. எல்லோருமாக அக்காவைத் தூக்கிக்கொண்டு ஓடி, கொட்டுகிற பீலிக்கு அடியில் அவள் கால்களைப் பிடித்தோம். இடது காலுக்கு அதிகம் ஒன்றுமில்லை. வெந்தது வலது கால், நல்ல கால்.

அவளை லொறியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஓட்டியவர், அந்த வண்டியைத் தொடமாட்டேன் என்ற அதே டிரைவர். வழி முழுக்க அழுதுகொண்டே ஓட்டினார். நாளாக நாளாகப் புண் ஆறியது, ஆனால் கால் நீட்ட மடக்க வரவில்லை. மெஷின் துரை ஒரு தடவை பார்க்க வந்தார். அவருடைய இரண்டு கைகளிலும் கட்டு. கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டுப் போனார். ஒரு நாள் நான் தாங்கமாட்டாமல் அக்காவிடம் கேட்டேன், என்னைத் தள்ளிவிட்டாயே, நீயும் ஏன் குதிக்கவில்லை என்று. "அத்தன பேரும் கைகூப்பிக் கும்புட்டுக்கிட்டு நிக்கிறாளுக. கும்புடுறவங்க மேல எப்புடிடா வண்டிய வுடுறது?" என்றாள்.

வண்டியைப் பற்றிய முடிவு அவள் ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே வந்துவிட்டது. வண்டி நல்ல வண்டிதானாம். இந்தப் பாதைகளுக்குத்தான் ஒத்துவராதாம். மறுபடியும் மரப்பெட்டிக்குள் போட்டு ஆணி அடித்து றொசல்லவில் ரயிலேற்றிவிட்டார்கள். அக்காவைப் பற்றிய முடிவைக் கண்டாக்கு எடுத்தார். கவனமில்லாமல் ஓட்டி மெஷினை உடைத்தவள், இனி மலை ஏறவும் மாட்டாள், அதனால் பேரை வெட்டியாயிற்று, மாதம் முடிவதற்குள் காம்பராவைக் காலி செய்ய வேண்டும் என்றார். பிள்ளைகள் இரண்டும் அப்போது பக்கத்துக் காம்பராக்காரர்களோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தன. எனக்குக் கோபம்கூட வரவில்லை. அடிபட்டவன் மாதிரி அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் விடிகாலைப் பெரட்டுக்கு வழக்கம்போலத் தப்பு அடித்தார்கள். பெரட்டு என்றால் வேலைக்குப் போகுமுன் எல்லோரும் கூடுகிற இடம், பேர் கூப்பிடுகிற நேரம். பெண்கள் வந்து வரிசையில் நின்றார்கள். கண்டாக்கு முதல் பேரைக் கூப்பிட்டார். பதில் இல்லை. அடுத்த பேருக்கும் இல்லை. அவர் நிமிர்ந்து பார்த்தார். அத்தனை பெண்களும் கூடையைக் காலடியில் இறக்கி வைத்துவிட்டு, கம்பளியைத் தலையிலிருந்து தள்ளி, கைகூப்பி, கண்ணை மூடி நின்றுகொண்டிருந்தார்கள். அன்று வளைவில் நின்ற அதே நிலை. யார் சொல்லிக்கொடுத்தது, எப்போது பேசிக்கொண்டார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கண்டாக்கு கத்தினார், திட்டினார், கங்காணிமாரை ஏவினார். ஒரு இமைகூடத் திறக்கவில்லை. குதிரையில் வந்த பெரிய துரை, குதிரையை விட்டு இறங்கி, அவர்கள் முன்னால் இப்படியும் அப்படியும் நடந்தார். கோஷம் போட்டு வேலைநிறுத்தம் செய்தவர்களை அவர் பார்த்திருக்கிறார். தன்னைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டு அசையாமல் நிற்பவர்களை என்ன செய்வது? அவர் முகத்தில் அன்று நான் கண்டது பயம்.

கடைசியில் பெரிய கங்காணி தலைப்பாகையைக் கழற்றிக்கொண்டு முன்னால் வந்தார். "அந்தப் புள்ள பேரையும் கூப்புடணும்ங்களாந் தொரைங்களே. கூப்புட்டாத்தான் கண்ணத் தொறப்பாகளாம்" என்றார். துரை கண்டாக்கைப் பார்த்துத் தலையசைத்தார். கண்டாக்கு தொண்டையைச் செருமிக்கொண்டு அக்காவின் பேரைக் கூப்பிட்டார். "இருக்கா!" என்று அத்தனை பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். அதற்குப் பிறகுதான் கண்ணைத் திறந்தார்கள். ஸ்டோர் வாசலில் நின்றிருந்த எனக்கு அந்தச் சத்தத்தில் மயிர்க்கூச்செறிந்தது. அக்காவுக்குப் பிள்ளைக்காம்பராவில், தாய்மார் மலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுப்போகிற இடத்தில், உட்கார்ந்து பார்க்கிற வேலை கிடைத்தது. காம்பரா மிஞ்சியது. அந்தத் தீபாவளிக்கு வெள்ளையும் அடித்தோம்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய முதல் வெள்ளிக்கிழமை அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு கோயிலுக்கு வந்தாள். விளிம்பு உடைந்த மணியைப் பூசாரி மறுபடியும் கட்டியிருந்தார். தீபம் காட்டி மணியை அடித்தார். கரகரத்த அந்தச் சத்தம் கேட்டதும் கூட்டமே பதறி, பாதி இந்தப் பக்கமும் பாதி அந்தப் பக்கமுமாகச் சுவரோரம் ஒதுங்கிவிட்டது. பெண்கள் எல்லோரும் கண்ணை அகல விரித்துப் பாதையையே பார்த்தார்கள். நடுவிலே அக்கா மட்டும் தனியாக நின்றாள். வெந்த காலைச் சற்றே தூக்கி வைத்துக்கொண்டு, கைகூப்பி, கண்ணை மூடியிருந்தாள்.

அக்கா போய்ச் சேர்ந்து வெகு காலமாகிவிட்டது. அன்று ஒதுங்கியவர்களும் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். இந்தத் திருவிழாவில் என் மருமகளும் பேரப்பிள்ளைகளும் அந்த மணி அடித்ததும் நின்ற இடத்திலேயே நின்று அழகாகக் கண்ணை மூடிக்கொண்டார்கள். அவர்களுக்கு அது சாமி மணி. அப்படியே இருக்கட்டும். அவர்கள் கண்ணைத் திறக்கும் வரை நான் ஓரமாக நின்று பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.